ஏற்றுமீனுக்கு ஏழு நாள்

பதினோரு நாட்களாக நாரை, காட்டில் மான்கள் மேயும் இடத்தையே சுற்றிக்கொண்டிருந்தது. மீன் தின்னும் பறவைக்குப் புல்வெளியில் என்ன வேலை? முதலில் சந்தேகப்பட்டது நீர்நாய்தான்.

அந்தக் காட்டாற்றில் ஒரு சட்டம் இருந்தது. முதல் மழையில் செந்நீர் இறங்கும்போது, மடுவில் கிடக்கும் மீன்கள் சினை வயிற்றோடு வெள்ளத்தை எதிர்த்து மேலேறும். அவற்றை ஏற்றுமீன் என்பார்கள். அப்போது அவை எதற்கும் பயப்படாது. வாயைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றாலே ஒன்று வந்து விழும். அதனால் அந்த ஏழு நாட்களும் யாரும் மீனைத் தொடக் கூடாது. நண்டும் தவளையும் தின்று சமாளிக்க வேண்டும். இதுபோலவே, சினைமானைச் செந்நாய்கள் துரத்தக் கூடாது என்றும் ஒரு சட்டம் இருந்தது.

இந்தச் சட்டத்தை நீக்கக் கோரி மீன் தின்னும் பறவைகள் ஒரு சங்கம் வைத்தன. கொக்கு, நீர்க்காகம், மீன்கொத்தி என்று மொத்தம் நாற்பது உறுப்பினர்கள். தலைவர், நாரை. கோடை முழுக்கப் பட்டினி கிடந்தவர்களுக்கு மீன் தானாக வருகிற ஏழு நாளில் மட்டும் தடையா என்று அது கேட்டது. நீண்ட கழுத்தை வளைத்து அது பேசும்போது யாருக்கும் சரி என்றுதான் தோன்றும்.

சட்டத்தை மாற்ற அங்கே ஒரே வழிதான். எல்லோரும் இக்கரையில் சபையாகக் கூட வேண்டும். மாற்றம் வேண்டும் என்பவர்கள் ஆற்றைக் கடந்து அக்கரைக்குப் போக வேண்டும். எந்தக் கரையில் கூட்டம் அதிகமோ அந்தக் கரை வெல்லும். நாற்பது பறவைகளால் ஆகிற காரியமில்லை. மான்களோ இருநூறுக்கு மேல்.

நாரை மான்களோடு ஒப்பந்தம் போட்டுவிட்டது. மர உச்சியில் கூடு கட்டும் பறவைகள், செந்நாய்க் கூட்டம் தூரத்தில் வரும்போதே குரல் கொடுத்து எச்சரிக்கும். பதிலுக்கு மான்கள் ஆற்றைக் கடந்தால் போதும். மீன் இருந்தால் என்ன, போனால் என்ன என்று மான்கள் ஒப்புக்கொண்டன.

நீர்நாய் இந்த மடுவுக்கு வந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. முன்பு அது கீழே மூங்கில் மடுவில் இருந்தது. அங்கே இதே சட்டத்தை நீக்கினார்கள். முதல் மழைக்குப் பெரும் விருந்து. அடுத்த வருட மழைக்குப் பாதி விருந்து. மூன்றாம் மழையில் ஆறு வெறும் தண்ணீராக ஓடியது. நீர்நாயின் மூன்று குட்டிகளில் ஒன்றுதான் பிழைத்தது. இப்போது கண் திறக்காத நான்கு குட்டிகள் மருத மரத்தின் வேரடி வளையில் கிடந்தன.

இதையெல்லாம் அது ஒவ்வொருவரிடமும் போய்ச் சொன்னது. நாரை கேட்டுவிட்டுச் சிரித்தது. "நீயும் மீன் தின்னறவதானேக்கா? எப்போ சைவமானே?"

மீன்கொத்திகள் கிளையிலிருந்து விழும் அளவுக்குச் சிரித்தன.

அன்று நீர்நாய் நடுங்கிக்கொண்டே செந்நாய்களின் பாறைக்குப் போனது. சபைப் பக்கமே வராத அவற்றின் தலைவனை, இந்த ஒரு தடவை கட்டாயம் வரும்படி அழைத்துவிட்டுத் திரும்பியது.

சபை கூடிய நாளில் மலைமேல் வானம் கறுத்துவிட்டது. மேலே மழை தொடங்கிவிட்டதை எல்லோரும் மோப்பத்தில் அறிந்தார்கள். ஆற்றில் தண்ணீர் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும். மூங்கில் குருத்தை மென்றபடி யானை தலைமை தாங்கியது. பறவைகள் ஒரே வீச்சில் அக்கரை சேர்ந்தன. மான்கள் வரிசையாகத் தண்ணீரில் இறங்கின. முன்னால் போனது ஒரு சினைமான். அது நடு ஆற்றை எட்டியபோது நீர்நாய் அங்கிருந்த பாறைமேல் தாவி ஏறியது.

"ஒரு திருத்தம் இருக்கு! பசிச்சா சினைமீனைத் தின்னலாம்னு சட்டம் வருது. வரட்டும். ஆனா மீனுக்கு ஒரு நியாயம், மானுக்கு ஒரு நியாயம் வேண்டாம். சினைமானைத் துரத்தக் கூடாதுங்கற சட்டத்தையும் சேர்த்தே எடுத்துடலாம். அக்கரைக்குப் போறவங்க ரெண்டுக்கும் சேர்த்தே போகட்டும்."

இக்கரையில் படுத்திருந்த செந்நாய்த் தலைவன் துள்ளி எழுந்தான். "நான் வழிமொழியறேன்! நாங்களும் கோடை பூரா பட்டினிதான்."

வாய் நிறையக் குருத்தோடு யானை சரி என்று தலையாட்டியது.

மான்கள் நின்றுவிட்டன. பிடிவாதமாக அவை மேலே நடந்தால் மீனும் போகும், மானும் போகும். பழி நீர்நாயின் தலையில்தான் விழும்.

"அது வேற, இது வேற!" என்று அக்கரையிலிருந்து நாரை கத்தியது.

"எப்படி வேற?" என்று சினைமான் கேட்டது.

நாரையின் கழுத்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வளைந்தது. "மீன்... மீன் சபைக்கு வரலையே!"

அந்த நேரத்தில் செந்நீர் வந்தது. சினைமானின் கால்களில் ஏதோ தொப்பென்று மோதியது. பிறகு இன்னொன்று. பிறகு எண்ண முடியாத அளவுக்கு. வயிறு கனத்த மீன்கள் அதன் கால்களுக்கிடையே முட்டி மோதி மேலே ஏறிக்கொண்டிருந்தன. தண்ணீர் உயர்ந்து அதன் வயிற்றைத் தொட்டது. உள்ளே குட்டி புரண்டது.

சினைமான் திரும்பி இக்கரைக்கு நடந்தது. பின்னால் இருநூறு மான்களும் தண்ணீரைச் சிதறடித்துக்கொண்டு திரும்பி ஓடிவந்தன. எண்ணிப் பார்க்க வேண்டிய தேவையே இருக்கவில்லை.

செந்நாய்த் தலைவன் பல்லைக் கடித்தான். "என்னை வச்சுக் காரியத்தைச் சாதிச்சுக்கிட்டே."

"அடுத்த வருஷமும் உங்களுக்கு மான் வேணும்லண்ணா?" என்றது நீர்நாய். செந்நாய்த் தலைவன் முறைத்துவிட்டு எலி பிடிக்கப் போய்விட்டான்.

ஏழு நாட்கள் பறவைகள் முகத்தைச் சுளித்துக்கொண்டு நண்டு தின்றன. நீர்நாயும் அதையேதான் தின்றது. பால் வற்றிக் குட்டிகள் சிணுங்கின. எட்டாம் நாள் முட்டையிட்டு முடித்த மீன்கள் இளைத்துப்போய்க் கீழே இறங்கின. அவற்றுக்குப் பின்னால் ஊசிமுனை அளவுக் குஞ்சுகள் ஆறு முழுக்க மின்னின.

அடுத்தவரைக் காக்கும் சட்டத்தைத் தன் லாபத்துக்காக விட்டுக்கொடுப்பவர், தன்னைக் காக்கும் சட்டத்தையும் அதோடு சேர்த்தே விட்டுக்கொடுக்கிறார்.