சிங்கராயர் வாங்கிய ஃபவுல்

கூடைப்பந்து கோச் சிங்கராயர் இறந்த முப்பதாம் நாள், அவர் முப்பத்தொரு வருடம் பயிற்சி கொடுத்த கல்லூரி மைதானத்தில் மௌன அஞ்சலி. எத்தனை நொடி மௌனம் என்பதில் தகராறு வந்துவிட்டது.

"இருபத்துநாலு செகண்டுதான். பந்து கைக்கு வந்தா இருபத்துநாலு செகண்டுக்குள்ள கூடைக்கு எறிஞ்சாகணும். அதான் சட்டம்," என்றார்கள் இளைய ரசிகர்கள்.

"அது நேத்து வந்த சட்டம். சார் கப்பு கப்பா அள்ளுன காலத்துல முப்பது," என்றார்கள் மூத்தவர்கள்.

மௌனத்துக்காக அரை மணி நேரம் கத்தினார்கள். கடைசியில் இருபத்துநாலு நொடி எல்லாரும் நிற்பது, மேற்கொண்டு ஆறு நொடி மூத்தவர்கள் மட்டும் நிற்பது என்று முடிவானது. அந்த ஆறாவது நொடியில் மூத்தவர் ஒருவருடைய சட்டைப்பையில் போன் அடித்தது. இதுக்குத்தான் சொன்னோம் என்று இளையவர்கள் ஆரம்பித்தார்கள்.

ஸ்கோர் மேசையில் உட்கார்ந்திருந்த போதுராஜன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

அவனுக்கு நாற்பத்தாறு வயது. மின்வாரியத்தில் வேலை. இதே கல்லூரிக்காகச் சிங்கராயரிடம் ஆடியவன். மூன்று வருடமாக ரெஃப்ரி பிச்சைமணியிடம் விசில் ஊதக் கற்றுக்கொள்கிறான்.

பிச்சைமணிக்கு எழுபத்திரண்டு. அந்த மாவட்டத்தில் அவர் விசில் கேட்காத மைதானம் கிடையாது. கிழக்கு கேலரிக்காரர்கள் அவரைத் திட்டாத ஆட்டமும் கிடையாது. எதையும் அவர் காதில் போட்டுக்கொண்டதில்லை. அவரிடம் ஒரே ஒரு கட்டுப்பாடு இருந்தது. முடிந்த ஆட்டத்தைப் பற்றிப் பேச மாட்டார்.

போதுராஜன் சேர்ந்த முதல் நாளே அதைச் சொல்லிவிட்டார். "ஸ்கோர் ஷீட்ல கையெழுத்துப் போட்டாச்சுன்னா வாய மூடிரணும். அப்புறம் எந்தச் சாமி வந்து கேட்டாலும் தொறக்கக் கூடாது."

அஞ்சலிக் கூட்டம் முடிந்ததும் ஒரு நினைவு ஆட்டம். முதல் பந்தைத் தூக்கிப் போட பிச்சைமணியை அழைத்திருந்தார்கள். பழைய சாம்பல் நிறச் சட்டையோடு, கழுத்தில் விசிலோடு, மேசைக்குப் பக்கத்தில் வெயிலைப் பார்த்தபடி நின்றார்.

காலையிலேயே ஒரு ரோதனை. ரசிகர் மன்றத் தலைவர் கொண்டல்சாமி ஸ்கோர் ஷீட்டைப் பார்க்க வந்தார். பஸ் ஸ்டாண்டில் பரோட்டாக் கடை வைத்திருப்பவர். வாழ்நாளில் பந்தைத் தொட்டவர் இல்லை. ஆனால் நாற்பது வருடமாக ஒரு ஆட்டத்தையும் விட்டவர் இல்லை.

"கோச் பேரு எழுதுற எடத்துல சார் பேர எழுது தம்பி."

"அண்ணே, இப்ப கோச் வேற ஆளு. அந்தா நிக்கிறாரு பாருங்க."

"இன்னைக்கு ஒருநா எழுதுப்பா. சாரே ஆட்டத்த நடத்துன மாதிரி இருக்கட்டும்."

"இது ஷீட்டுண்ணே. கல்யாணப் பத்திரிகை இல்ல."

கொண்டல்சாமி முகம் சுருங்கியது. போதுராஜன் பிச்சைமணியைப் பார்த்தான்.

"எழுது," என்றார் அவர். "ஆனா எழுதிட்டா, அப்புறம் சட்டம் சட்டந்தான்."

எழுதினான். புது கோச் ஓரமாகப் போய் உட்கார்ந்துகொண்டார். சிங்கராயரின் நாற்காலியைப் பெஞ்ச்சில் காலியாகப் போட்டு, அவர் எப்போதும் தோளில் போட்டிருக்கும் கட்டம்போட்ட துண்டை மடித்து வைத்தார்கள்.

மௌன அஞ்சலி முடிந்ததும் மைக் வந்தது. மைக்கைப் பிடித்தவர்கள் விடவில்லை.

சார் என் கடையில்தான் டீ குடிப்பார், சர்க்கரையே ஆகாது என்றார் ஒருவர். அடுத்தவர், என் கடையில் சர்க்கரை தூக்கலாகத்தான் கேட்பார் என்றார். சார் ஆட்டம் முடியும்வரை உட்கார மாட்டார் என்றார் ஒருவர். சார் நாற்காலியை விட்டு அசையவே மாட்டார், மலை மாதிரி என்று இன்னொருவர் அழுதார். முந்தினவரும் அதற்குத் தலையாட்டிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

போதுராஜன் பென்சிலைக் கீழே வைத்தான். "சார், இவங்க யாரைப் பத்திப் பேசுறாங்க?"

பிச்சைமணி விசிலைச் சட்டையில் துடைத்தார்.

கடைசியாகக் கொண்டல்சாமி மைக்கை வாங்கினார். மைதானத்தின் வாசலில் ஒரு கருங்கல் பலகை சாத்தி வைத்திருந்தது. கல் தச்சர் அதில் சுண்ணக்கட்டியால் எழுதி வைத்திருந்தார். கூட்டம் சரி என்றால் உளியைத் தொடவேண்டியதுதான். கொண்டல்சாமி உரக்கப் படித்தார்.

"கோச் சிங்கராயர். முப்பத்தொரு ஆண்டுகளில் ஒரு ஃபவுல்கூட வாங்காத பயிற்சியாளர்."

கேலரி கைதட்டியது.

போதுராஜன் எழுந்துவிட்டான். பிறகு உட்கார்ந்தான். பிறகு குனிந்து பிச்சைமணியிடம் சொன்னான்.

"சார், அது பொய்."

"உம்."

"ஒண்ணு வாங்கியிருக்காரு. நீங்கதான் கொடுத்தீங்க."

பிச்சைமணி விசிலின் கயிற்றைச் சரிசெய்தார்.

இருபத்தாறு வருடத்துக்கு முன்னால் இதே மைதானத்தில் இறுதி ஆட்டம். கடைசி நிமிடம். கல்லூரி அணி ஒரு பாயிண்ட் முன்னால் இருந்தது. போதுராஜன் பந்துக்குத் தாவி, மல்லாக்க விழுந்ததில், பின்மண்டை சிமெண்ட் தரையில் அடித்தது. பந்து கை மாறி எதிர்ப்பக்கம் போய்விட்டது. பிச்சைமணி விசில் ஊதவில்லை. ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே சிங்கராயர் பெஞ்ச்சை விட்டு உள்ளே ஓடி வந்தார். மண்டியிட்டு, துண்டைச் சுருட்டி அவன் தலைக்குக் கீழே வைத்தார். "அசையாத. நான் இருக்கேன்," என்றார். அப்போது விசில் கேட்டது. ஆட்டம் நடக்கையில் அனுமதி இல்லாமல் பெஞ்ச்சை விட்டு வந்ததற்குக் கோச் மேல் டெக்னிக்கல் ஃபவுல். எதிரணிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ. இரண்டும் விழுந்தன. ஒரு பாயிண்டில் கப்பு போனது.

அதற்குப் பிறகு சிங்கராயர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. போதுராஜனும் கேட்டதில்லை. ஆனால் கஷ்டம் வந்த நாட்களில் எல்லாம் அவன் பிடித்துக்கொண்டது 'நான் இருக்கேன்' என்ற அந்த ஒரு சொல்லைத்தான்.

"போன வாரம் மன்றத்துல சொன்னேன் சார். மேசைல டைம் பாத்த கடியாரக்காரன் ஏமாத்திட்டதாலதான் தோத்தோம்னு சாதிக்கிறாங்க. சார் உள்ள வந்தாருய்யா, எனக்காக வந்தாருய்யான்னு சொல்றேன். கொண்டல்சாமி அண்ணே என்ன சொன்னாரு தெரியுமா? ஒனக்குத்தான் மண்டைல அடிபட்டுருந்துச்சே, ஒனக்கு எப்படித் தெரியும்கிறாரு."

பிச்சைமணியின் உதடு லேசாக அசைந்தது. சிரிப்பா என்று தெரியவில்லை.

"ஷீட்டக் காட்டுன்னாங்க. அந்த வருசத்துக் கட்டெல்லாம் செல்லரிச்சுப் போச்சு. எல்லாரும் சொல்லிச் சொல்லி இப்ப எனக்கே சந்தேகமா இருக்கு சார். நெசமாவே வந்தாரா, இல்ல மயக்கத்துல கண்டதான்னு. அந்தக் கல்ல வெட்டிட்டா அம்புட்டுத்தான். அவரு எனக்காக வரவே இல்லன்னு ஆயிரும்."

"உம்."

"என்ன சார் உம்மு? நடந்துச்சா இல்லையா, அத மட்டும் சொல்லுங்க."

"அது முடிஞ்ச ஆட்டம்."

போதுராஜனுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. "செத்துப்போனவரு ஆட்டத்தப் பத்திக்கூடப் பேசக் கூடாதா? என்ன சார் சட்டம் இது?"

"விசில் யாரு கழுத்துல கெடக்கு?"

"உங்க கழுத்துல."

"அப்ப நீ பென்சிலை எடு."

மைக்கில் கொண்டல்சாமியின் குரல் கேட்டது. "நம்ம ரெஃப்ரி பிச்சைமணி அண்ணாச்சி வந்திருக்காக. நாம அவுகளைத் திட்டாத திட்டு இல்ல. இன்னைக்கு மனசார மன்னிச்சுக் கூப்பிடுறோம். ஒரு தடவகூட சாருக்கு ஃபவுல் குடுக்கிற நெலம வரலன்னு அவுக வாயால ஒரு வார்த்த சொல்லட்டும். அப்புறம் கல்லுல உளி வைக்கலாம்."

கேலரி பெருந்தன்மையோடு கைதட்டியது.

பிச்சைமணி நடந்தார். மைக்கை நீட்டினார்கள். அதைத் தாண்டிப் போனார். மைதானத்தின் கோட்டைத் தாண்டி, சிங்கராயரின் காலி நாற்காலிக்கு எதிரே நின்றார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

விசிலை எடுத்து ஊதினார்.

எழுபத்திரண்டு வயது மூச்சு. ஆனாலும் மைதானம் முழுக்கக் கேட்டது. இரண்டு கைகளையும் உயர்த்தி, ஒரு கையின் விரல்நுனிகள் மேல் மறு கையின் உள்ளங்கையைக் குறுக்கே வைத்தார். கூடைப்பந்து பார்க்கிற குழந்தைக்கும் தெரியும், அது டெக்னிக்கல் ஃபவுல். பிறகு அந்த நாற்காலியைக் காட்டினார்.

ஒரு கணம் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. அப்புறம் கிழக்கு கேலரி வெடித்தது.

"யோவ்! கண்ணு இருக்காய்யா உனக்கு?"

"எறங்குய்யா வெளிய!"

"பொணத்துக்கா ஃபவுல் குடுக்கிற?"

ஊளை கிளம்பியது. தண்ணீர் பாட்டில் ஒன்று வந்து விழுந்தது. மன்னித்து இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. பிச்சைமணி கையை இறக்காமல் நின்றார். அந்தச் சத்தத்தில் அவர் முதுகு கொஞ்சம் நிமிர்ந்த மாதிரி இருந்தது.

கொண்டல்சாமி மைக்கை வீசிவிட்டுக் கோட்டுக்கு ஓடி வந்தார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

"நீ திருந்தவே மாட்டியாய்யா? அன்னைக்கும் இப்படித்தான செஞ்ச! பய மண்ட ஒடஞ்சு கெடக்கான், தூக்கப் போன மனுசனுக்கு ஃபவுலக் குடுத்து, கையில இருந்த கப்பப் பறிச்சு..."

பாதியில் நின்றுவிட்டார்.

தான் சொன்னது அவர் காதிலேயே அப்போதுதான் விழுந்தது. திரும்பி போதுராஜனைப் பார்த்தார். கேலரியும் பார்த்தது. சத்தம் வரிசை வரிசையாக அடங்கியது. இந்த முறை மௌனத்தை யாரும் எண்ணவில்லை.

"ஆமா," என்றார் கொண்டல்சாமி மெதுவாக. "துண்டச் சுருட்டித் தலைக்கு வச்சாரு. நான் இங்கனதான் நின்னேன்."

போதுராஜன் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

கொண்டல்சாமி பிச்சைமணியிடம் திரும்பினார். குரலில் இப்போது கோபம் இல்லை. "அது சரி. இன்னைக்கு எதுக்குய்யா ஃபவுலு?"

"கோச்சுன்னு பேரு ஷீட்டுல இருக்கு. ஆளப் பெஞ்ச்சுல காணோம்." பிச்சைமணி இப்போதுதான் கையை இறக்கினார். "எங்கிட்ட ஒரு வார்த்த கேக்காம எந்திரிச்சுப் போயிட்டாரு."

கொண்டல்சாமி அந்த நாற்காலியைப் பார்த்தார். பிறகு அத்தனை பேர் முன்னால் சத்தம் போட்டு அழுதார். காலையிலிருந்து மைக்கில் அழுதவர்களைப் போல இல்லை.

கல் தச்சர் வாசலிலிருந்து கேட்டார். "உளி வைக்கவா, வேணாமா? பொழுது போகுது."

கொண்டல்சாமி போய்த் தன் துண்டால் இரண்டாவது வரியைத் துடைத்தார். பெயர் மட்டும் மிஞ்சியது.

பிச்சைமணி மேசைக்கு வந்தார். ஸ்கோர் ஷீட்டில் சிங்கராயர் பெயருக்கு நேரே கட்டம் காலியாக இருந்தது. போதுராஜன் பென்சிலை எடுத்தான்.

"சார். அன்னைக்கு நீங்க பாக்காத மாதிரி இருந்திருக்கலாமே."

முடிந்த ஆட்டம். பிச்சைமணி பேச மாட்டார் என்றுதான் நினைத்தான்.

"ஓடி வந்த மனுசன் கோட்டுகிட்ட நின்னாரு," என்றார் பிச்சைமணி. "என்னப் பாத்தாரு. வேணாம்னு தலையாட்டுனேன். அதுக்கப்புறந்தான், தெரிஞ்சேதான் கால உள்ள வச்சாரு. குறி."

போதுராஜன் குறித்தான். குறித்ததும், ஃபவுல் எழுதியாச்சு என்று மேசைக்காரன் ரெஃப்ரிக்குக் காட்டவேண்டிய முறைப்படி கையை உயர்த்தினான். அதை இறக்க வெகுநேரம் ஆயிற்று.