சேற்று நண்டின் ஒற்றைப் பெரிய கை

அந்தக் காலத்தில் நண்டுக்கும் கடலுக்கும் பேச்சுவார்த்தை இருந்தது. கழிமுகத்துச் சேற்று நண்டுகளுக்கு அப்போது இரண்டு கையும் சிறியவை. வெள்ளச்சியும் அவள் புருஷன் சேம்பனும் எதிரெதிரே உட்கார்ந்து, இரு கையாலும் சேற்றை அள்ளித் தின்பார்கள்.

அவர்கள் இருந்த கரை தாழ்வானது. வெள்ளம் ஏறினால் வளைகள் மூழ்கும். வெள்ளச்சி இரண்டு முறை பொரித்த குஞ்சுகளை அதில் பறிகொடுத்திருந்தாள். எதிர்க்கரையோ நல்ல மேடு. அங்கே கரு நண்டுகள் குடியிருந்தன.

"அந்தக் கரையும் நமக்குத்தான்" என்றான் தலைவன் தடியன். ஆண்கள் எல்லாரும் கடலிடம் போய், சண்டை போடப் பெரிய கை கேட்டார்கள்.

"தின்கிற கையில் ஒன்றைத்தான் பெரிதாக்க முடியும். அப்புறம் அதனால் தின்ன முடியாது. மறுபடி சிறிதாக்கச் சொல்லி என்னிடம் வரவும் கூடாது" என்றது கடல்.

வெள்ளச்சி பின்னாலேயே ஓடி வந்தாள். "வேண்டாம்யா. ஒத்தக் கையால எப்பத் தின்னு முடிப்ப?"

"குஞ்சு பிழைக்க வேண்டாமா, புள்ள?" என்றான் சேம்பன். ஆனாலும் தயங்கினான்.

"சேம்பனுக்கு வீட்டுல உத்தரவு கிடைக்கலையாம்டா!" என்றான் தடியன். கூட்டம் சிரித்தது.

சேம்பன் வலக்கையை அலைக்குள் நீட்டிவிட்டான்.

நீர் வற்றிய ஒரே பொழுதில் சண்டை முடிந்தது. கரு நண்டுகளை நீர் விளிம்புவரை துரத்தினார்கள். அங்கே கொக்குகள் காத்திருந்தன. வயிற்றில் முட்டையோடு ஒருத்தி கொக்கின் வாயில் போனதை வெள்ளச்சி பார்த்தாள்.

அந்த வருஷம் அவள் குஞ்சுகள் அத்தனையும் பிழைத்தன. மேட்டுச் சேறும் ருசிதான். அதை அவள் ஒருநாளும் இல்லையென்று சொன்னதில்லை.

விரட்டப்பட்டவர்கள் திரும்பி வருவார்களோ என்று சேம்பன் கையைத் தூக்கியபடியே நின்றான். அவர்கள் வரவில்லை. பக்கத்து வளைக்காரர்கள்தான் எல்லைச் சண்டைக்கு வந்தார்கள், ஆளுக்கொரு பெரிய கையோடு. கூடப் பிறந்த தம்பியின் காலையே சேம்பன் முறித்தான். சின்னக் கையால் சேம்பனுக்கு அரை வயிறு நிரம்புமுன் மேட்டடிச் சேற்றில் தண்ணீர் ஏறிவிடும். உடம்பு ஓடாய்த் தேய்ந்தது.

மனசு கேட்காமல் வெள்ளச்சி ஒரு சேற்றுருண்டையோடு அவன் அருகே போனாள். பெரிய கை உயர்ந்தது.

"வராதே!"

"நான்தான்யா."

"யாரா இருந்தா என்ன? எல்லைக்கு அந்தப் பக்கம் நில்லு!"

அவள் அங்கேயே நின்று, அவன் பார்க்கப் பார்க்க, அந்த உருண்டையைத் தானே தின்றாள்.

அன்று முதல்தான் ஆண் நண்டு பெரிய கையை ஆட்டிக்கொண்டே சின்னக் கையால் அவசரமாகத் தின்கிறது; பெண் நண்டு இரண்டு கையாலும் நிதானமாகத் தின்றபடி தள்ளியே நடக்கிறது.