செல்லக்கிளியின் அழுகை

மகிழ்நன் தன் முதல் படத்தை முடித்திருந்தான். வெளியாவதற்கு முன்பு அதைத் தன் குருவிடம் காட்ட நினைத்தான். குரு என்றால் இயக்குநர் சகாயமேரி. அவரிடம்தான் அவன் பல வருடம் உதவி இயக்குநராக இருந்தான்.

சாலிகிராமத்தில் ஒரு எடிட்டிங் அறை. இருவர் மட்டும் உட்கார்ந்து படம் பார்த்தார்கள்.

மகனின் சவத்தின் மேல் விழுந்து ஒரு தாய் கதறும் காட்சி வந்தது. படத்தின் உயிரே அதுதான் என்று தயாரிப்பாளர் சொல்லியிருந்தார்.

மகிழ்நன் தலையைக் குனிந்துகொண்டான்.

"ஏன், நீங்க எடுத்ததை நீங்களே பார்க்க மாட்டீங்களா?"

"முடியல மேடம்."

சகாயமேரி படத்தை நிறுத்தினார்.

மகிழ்நன் சொன்னான். தாயாக நடித்தவர் செல்லக்கிளி, சின்னச் சின்ன வேடங்களில் வருகிறவர். ஒருநாள் சாப்பாட்டு இடைவேளையில், விபத்தில் இறந்துபோன தன் மகன் குமரவேலைப் பற்றி அவனிடம் மனம்விட்டுப் பேசியிருந்தார். இந்தக் காட்சியை முதலில் எடுத்தபோது அவருக்கு அழுகை வரவில்லை. வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. மகிழ்நன் அவர் காதருகே குனிந்து, "படுத்திருக்கிறது உங்க குமரவேல்னு நினைச்சுக்கோங்க" என்றான்.

"அவ்வளவுதான் மேடம், கதறிட்டாங்க. யூனிட்டே கைதட்டுச்சு. அவங்க யார்கிட்டயும் பேசாம வண்டியேறிப் போயிட்டாங்க. அதுக்கப்புறம் என் போனை எடுக்கிறதே இல்ல."

"முதல்ல எடுத்தது இருக்கா?"

இருந்தது. போட்டுக் காட்டினான்.

அதில் செல்லக்கிளி அழவில்லை. சவமாகப் படுத்திருந்தவனின் சட்டை மேலே ஏறியிருந்தது. அதை இழுத்துவிட்டார். நெற்றியில் கிடந்த முடியை ஒதுக்கினார். பிறகு சுற்றி நின்றவர்களைப் பார்த்து, கொஞ்சம் தள்ளி நில்லுங்கள் என்பதுபோல் கையை அசைத்தார், அவன் தூங்குகிறான் என்பதுபோல.

மகிழ்நன் திரும்பத் திரும்ப அதைப் போட்டுப் பார்த்தான்.

"இதை எப்படி மேடம் விட்டேன்?"

"அன்னைக்கு என்ன பார்த்துட்டு இருந்தீங்க?"

"கண்ணீர் வருதான்னு பார்த்துட்டு இருந்தேன்."

மகிழ்நன் படத்தை நிறுத்தினான்.

"இதையே வெச்சிடறேன் மேடம். அந்த அழுகையை அழிச்சிடறேன்."

"உங்க கம்ப்யூட்டர்ல மட்டும்தான் அழியும்."

மகிழ்நனின் கை விசைப்பலகை மேலேயே நின்றுவிட்டது. கையை எடுத்துக்கொண்டு கேட்டான்.

"நான் என்ன செய்யணும்?"

"அவங்க வீட்டுக்குப் போங்க. ரெண்டையும் போட்டுக் காட்டுங்க. எதை வெச்சுக்கலாம்னு அவங்களைக் கேளுங்க."

"ரெண்டுமே வேண்டாம்னு சொல்லிட்டா? இந்தக் காட்சி இல்லன்னா எனக்குப் படமே இல்ல மேடம்."

"தெரியும்."

"கதவையே திறக்கலன்னா?"

சகாயமேரி எழுந்து அறையின் விளக்கைப் போட்டார்.

"அன்னைக்கு முடியாதுன்னு சொல்ல அவங்களுக்கு வழியில்ல. இன்னைக்காவது சொல்லட்டுமே."