மீசைப் பாட்டில் நாலு வரி

முன்னே ஒரு காலத்தில் முல்லங்காட்டைக் கோடைமாறன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். காலையில் சட்டம் போட்டுச் சாயங்காலம் மறந்துவிடுகிற ஆசாமி!

அவன் சபைப் புலவர் இடிமுழக்கர் ராஜாவின் மீசையைப் பற்றி நூறு பாட்டுப் பாடி அரங்கேற்றினார். தேமொழி என்ற மாணவி அதை ஆராய்ந்து ஒரு சுவடி எழுதினாள். புலவர் பேரைச் சொல்லி, நாலே வரியை எடுத்துக்காட்டி, "மீசை நிலாவைத் தொடுகிறதாம். அப்புறம் ராஜா கஞ்சி குடிப்பது எப்படி?" என்று கேட்டிருந்தாள். ஊரே சிரித்தது. புலவருக்கு வயிறு எரிந்தது.

"திருட்டு, அரசே, திருட்டு! என்னைக் கேட்காமல் என் பாட்டை எடுத்துவிட்டாள்!" என்று சபையில் குதித்தார்.

"அப்படியா? இனி அடுத்தவர் எழுதியதில் ஒரு வரியைக்கூட அனுமதியில்லாமல் யாரும் எடுத்தாளக் கூடாது. அவள் சுவடியை நெருப்பில் போடுங்கள்!" என்று உத்தரவு போட்டான் ராஜா.

தேமொழிக்கு அழுகை முட்டியது. வருடக்கணக்கான உழைப்பு, வேறு படியும் கிடையாது. மந்திரி அறவாழிக்கு மனசு கேட்கவில்லை. ஆனால் ராஜாவை நேராக மறுத்தால் காரியம் கெடும் என்று அவருக்குத் தெரியும்.

"அருமையான சட்டம் அரசே! புலவரே, அவள் செய்த குற்றத்தைச் சபைக்குக் காட்டுங்கள்."

புலவர் சுவடியைப் பிடுங்கி வாயைத் திறந்தார்.

"நில்லும்! அது அவள் எழுதியது. அனுமதி வாங்கினீரா?" என்று மந்திரி தடுத்தார்.

"என்னய்யா இது அநியாயம்! வாசிக்காமல் குற்றத்தை எப்படிக் காட்டுவது?"

"அவளும் அதைத்தானே செய்தாள்? உம் பாட்டை எடைபோட அதில் கொஞ்சம் காட்டத்தானே வேண்டும்?"

ராஜா தொடையைத் தட்டிச் சிரித்தான். புலவர் விடவில்லை. "அப்படியானால் நாளைக்கு எவனாவது என் நூறு பாட்டையும் தன் பேரில் பாடலாமா?"

"கூடவே கூடாது," என்றார் மந்திரி. " அது பச்சைத் திருட்டு. அவனை நானே இழுத்துவருவேன். இவள் ஆராய்ச்சிக்குத் தேவையானதை மட்டும் எடுத்து, உம் பேரையும் போட்டிருக்கிறாள்."

ராஜாவுக்கு உற்சாகம் தாங்கவில்லை. "பழைய சட்டம் ரத்து! இந்தச் சுவடியை முழுசாகப் படியெடுத்து அரண்மனையில் வையுங்கள்!"

"முழுசாகவா? அதற்கு அவள் சம்மதம் வேண்டும் அரசே," என்றார் மந்திரி.

ராஜா தொண்டையைக் கனைத்தான். "அம்மா தேமொழி, எடுத்துக்கொள்ளலாமா?"

"தாராளமாக அரசே. என் பேர் மட்டும் விட்டுப்போகக் கூடாது."

"சரி. எழுதப்போவது யார் தெரியுமா? நம் இடிமுழக்கர்தான்!"

பாவம் மனுஷன்! எழுத்தாணியைப் பிடித்து, முதலில் அவள் பேரை எழுதினார்.