இரண்டாவது துளை

குருவுக்கு வயது முப்பத்திரண்டு. சீடருக்கு அறுபத்து மூன்று. வாசிக்கத் தெரிந்தவர் குரு, தெரியாதவர் சீடர். வயதுக்கு அங்கே வேலை இல்லை.

குருவின் பெயர் ஐரீன். போத்தனூர் ரயில்வே காலனியில், ஒரு மாடி அறையில் மவுத் ஆர்கன் சொல்லிக் கொடுத்தாள். சீடர் காளியண்ணன். நாற்பது வருஷம் தராசு ரிப்பேர் பார்த்தவர். முள் நடுவில் நிற்காத எதையும் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அவரால் முடியாது.

ஒரு மாலை அந்த வழியாகச் சைக்கிளில் போனார். மாடியிலிருந்து சத்தம் வந்தது. புளூஸ் என்கிற மேற்கத்திய இசை வகை. ஒரு ஸ்வரம் நேராகக் கிளம்பி, நடுவில் வளைந்து, கீழே இறங்கியது. வயதான ஆள் ஒருத்தர் வாயைப் பொத்திக்கொண்டு அழுவது மாதிரி இருந்தது. சைக்கிளை ஸ்டாண்டு போட்டார்.

மனைவி பாவாயி போய் இரண்டு வருஷம். எல்லாக் காரியத்தையும் முன்னால் நின்று செய்தார். அழுகை மட்டும் வரவில்லை. அன்றும் வரவில்லை, அப்புறமும் வரவில்லை.

படியேறிப் போய்க் கேட்டார்.

“எனக்குப் பாட்டெல்லாம் வேண்டாமுங்க டீச்சர். அந்த ஒரு அழுகை போதும்.”

“அதுக்குப் பேரு வளைக்கிறது, அங்கிள்.”

“பேருலயே அண்ணன் இருக்குதுங்க. அப்புறம் எதுக்கு அங்கிள்?”

“சரிங்க அங்கிள்.”

“எத்தனை நாளாகும்?”

“முதல்ல நேரா வாசிங்க. வளைக்கிறதை அப்புறம் பார்க்கலாம்.”

மூன்று மாதம் ஓடியது. ஆர்கனில் பத்துத் துளை. ஒன்பது ஒழுங்காகப் பேசின. இரண்டாவது துளையில் மூச்சை உள்ளே இழுத்தால் மட்டும் ஸ்வரம் சுருதி இறங்கித் தொங்கியது.

“இது பழுதுங்க.”

“இல்லை.”

வேறொன்று வாங்கினார். அதிலும் அதே துளை, அதே தொங்கல்.

“கம்பெனிக்காரன் எல்லாத்தையும் ஒரே மாதிரி கெடுத்து அனுப்பறானுங்க!”

ஐரீன் பதினோரு வருஷமாகத் தான் வாசிக்கும் ஆர்கனை எடுத்து அவர் கையில் வைத்தாள். காளியண்ணனுக்குக் கை கூசியது. அதை யாரும் தொடக்கூடாது. போட்டோவுக்காக அதைக் கேட்காமல் கையில் எடுத்த ஒருவனை அன்றைக்கே படியிறக்கி அனுப்பியவள் அவள்.

“ஒரு வாரம் இதுல வாசிச்சுட்டு வாங்க.”

வீட்டுக்குப் போய் வாசித்தார். தொங்கியது. போனில் சுருதி காட்டும் ஆப் இருந்தது. அதிலும் ஒரு முள். இரண்டாவது துளைக்கு முள் இடது பக்கம் சாய்ந்து நின்றது.

‘அடப்பாவமே. பதினோரு வருஷம் பழுதை வெச்சுக்கிட்டா அந்தப் பொண்ணு வாசிச்சுது?’

மனசு கேட்கவில்லை. திருகாணிகளைக் கழற்றினார். உள்ளே துளைக்கு இரண்டாக, ஊத ஒன்று இழுக்க ஒன்று, மெல்லிய பித்தளை நாக்குகள். இரண்டாவது துளையின் இழுக்கும் நாக்கு நுனியைப் பொடி அரத்தால் துளி ராவினார். மாட்டி வாசித்தார். முள் கொஞ்சம் நகர்ந்தது. திரும்பக் கழற்றி, திரும்ப ராவினார். ஒரு வாரம் இதே வேலை. கடைசியில் முள் நடுவில் வந்து ஆணி அடித்தது மாதிரி நின்றது.

மாடிப்படியை அன்றைக்கு இரண்டிரண்டாக ஏறினார்.

“டீச்சர், உங்க ஆர்கனைச் சரி பண்ணிப்போட்டேன்.”

ஐரீன் நிமிர்ந்தாள். “திறந்தீங்களா?”

“ரெண்டாவது துளை நாக்கை லேசா ராவினேனுங்க. இனி ஒரு குறையும் இருக்காது.”

அவள் வாங்கி வாயில் வைத்து, இரண்டாவது துளையில் மூச்சை இழுத்தாள். ஸ்வரம் எகிறிக் கீச்சிட்டது. இன்னொரு தடவை, மெதுவாக. அதே கீச்சு.

காளியண்ணனுக்குக் கழுத்தில் வேர்த்தது. “வீட்டுல நல்லா இருந்துச்சுங்க. முள் நடுவுலயே நின்னுச்சு.”

“போனை எடுங்க.”

அவள் வாசித்தாள். முள் வலது பக்கம் சாய்ந்தது. துடைத்து அவரிடம் கொடுத்தாள். அவர் வாசித்தார். முள் நடுவில். அவள் வாசித்தாள், வலது. அவர் வாசித்தார், நடு.

“ஒரே தராசு, ஒரே கல்லு. ஆள் மாறினா முள் எப்படிங்க மாறும்?”

“மூச்சை இழுக்கிறப்போ உங்க நாக்கு பின்னால போகுது, அங்கிள். அதனால ஸ்வரம் கீழே இறங்குது.”

“முன்னாடியும் அப்படித்தானுங்களா?”

“முதல் நாள்ல இருந்து. எந்த ஆர்கனும் தொங்கலை. நீங்கதான் இறக்கினீங்க.”

காளியண்ணன் ஆர்கனை மேஜை மேல் வைத்தார். துண்டை உதறித் தோளில் போட்டார். செருப்பை மாட்டிக்கொண்டு இரண்டு படி இறங்கிவிட்டார்.

“எங்கே போறீங்க?”

“நீங்க சொல்றதுக்கு முந்தி நானே இறங்கிடலாமுன்னுதான்.”

“இதை யாரு வாசிக்கிறது?”

திரும்பிப் பார்த்தார். ஐரீன் படி முனையில் ஆர்கனை நீட்டிக்கொண்டு நின்றாள். கண் கொஞ்சம் கலங்கியிருந்தது.

“எனக்கு இனிமே இது ஆகாது. உங்க மூச்சுக்கு அளவெடுத்து ராவி வெச்சிருக்கீங்க. நீங்களே வெச்சுக்குங்க.”

“கெட்டுப்போச்சுங்களே, டீச்சர்.”

“நேரா வாசிச்சா எகிறும். ஒவ்வொரு தடவையும் வளைச்சு இறக்கினா சரியா நிக்கும்.”

அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “வளைக்கத் தெரியாமத்தானே உங்ககிட்ட வந்தேன்? மூணு மாசமா அந்த அழுகை ஒரு தடவைகூட வரலீங்களே!”

ஐரீன் இரண்டு படி இறங்கி வந்து, ஆர்கனை அவர் சட்டைப் பையில் போட்டாள்.

“வரலைன்னா, தொங்குது தொங்குதுன்னு ஒரு வாரமா உட்கார்ந்து எதை ராவி எடுத்தீங்க, அங்கிள்?”