பாரையின் வாயில் இரண்டு முள்

இந்தத் தீவின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அடுத்த விடுமுறைக்கே நீங்கள் மூட்டை முடிச்சோடு கிளம்பிவிடுவீர்கள், எனக்கு அங்கே அறை கிடைக்காது. வங்கக் கடலில் இருக்கிறது, அங்கே ரெஜினா என்பவள் ஒரு விடுதி நடத்துகிறாள் என்பது வரை தெரிந்தால் போதும். கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். கடைசியில் தீர்ப்புச் சொல்லப்போவது நீங்கள்தான்.

ரெஜினாவிடம் ஒரு சின்னப் படகு உண்டு. கரையிலிருந்து கூப்பிடு தூரம் தாண்டினால் கடலுக்கடியில் ஒரு பாறைத்திட்டு வரும். பெரிய மீன்களெல்லாம் அங்கேதான் குடியிருக்கின்றன. ஆனால் படகில் அவளைத் தவிர ஒருவர்தான் உட்காரலாம். அதனால் அவள் ஒரு வழக்கம் வைத்திருந்தாள். வந்தவர்கள் கரையில் நின்று தூண்டில் போடட்டும். வாரத்திலேயே பெரிய மீனைப் பிடித்தவரைக் கடைசி நாள் திட்டுக்கு அழைத்துப் போவாள்.

சண்டை வரக் கூடாதென்று விதிகளும் சொல்லியிருந்தாள். மீன் கடித்த பிறகு தூண்டில் கம்பு கைமாறக் கூடாது. மீன் தண்ணீரில் இருக்கும்போது தூண்டில் நரம்பு அறுந்தால் அது மறுபடி கடலுக்குச் சொந்தம், அப்புறம் யார் எப்படிப் பிடித்தாலும் அவர்களுக்கே. மணலுக்கு வந்துவிட்ட மீன் என்றால் இழுத்து வந்தவருக்குத்தான், அதன்பின் நரம்பு அறுந்தால் என்ன, அறாவிட்டால் என்ன.

அந்த வாரம் காரைக்குடியிலிருந்து வயிரவனும் அவர் மனைவி உமையாளும் வந்திருந்தார்கள். உமையாள் பலகாரக் கடை வைத்திருப்பவள், முறுக்குப் பிழிந்து உரமேறிய கை. திட்டுக்குப் போக வேண்டும் என்பது அவள் ஆசை. வந்த நாளிலிருந்து அதே நினைப்புத்தான். என்ன பிரயோசனம்? கொண்டுவந்த கம்பு ஒன்று, அது வயிரவன் கையைவிட்டு இறங்கவில்லை. இவளுக்கு வாய்த்தது இரைவாளி. அவரோ ஒரு மீனையும் பிடித்தபாடில்லை, பேச்சு மட்டும் திமிங்கலம் அளவுக்கு.

கடைசி நாளுக்கு முந்தைய நாள் காலையில், அதே விடுதியில் தங்கியிருந்த தூத்துக்குடி ஜெபசிங் இரைக்குப் பதிலாக மாட்டியிருந்த வெள்ளித் தகட்டை ஒரு பெரிய மீன் கவ்வியது. அரை நாழிகை அவரை ஆட்டிவைத்துவிட்டு, நடுக்கடலைப் பார்க்க நரம்பை அறுத்துக்கொண்டு போயிற்று. மனுஷன் காலைப் பலகாரத்தைத் தொடவில்லை.

சாயங்காலம் காற்று எழும்பி அலை உயரமாக வந்தது. சாரலில் கரையில் நின்ற எல்லாருடைய உடையும் ஈரம். வயிரவன் கம்பை மணலில் ஊன்றிவிட்டு, சிகரெட் பிடிக்கத் தென்னை மறைவுக்கு ஒதுங்கினார். அந்த நேரம் பார்த்து உமையாள் கணவாய் மீன் துண்டைக் கோத்து வீசினாள். விழுந்த மாத்திரத்தில் கம்பு வில்லாக வளைந்தது.

வயிரவன் சிகரெட்டை எறிந்துவிட்டு, கம்பைக் கொடு என்று ஓடிவந்தார். "தொட்டீகன்னா தெரியும்," என்றாள் உமையாள். அவர் தொடவில்லை.

அவள் அவசரப்படவில்லை. மீன் ஓடியபோது விட்டுக்கொடுத்தாள், அலை கரையேறும்போது அதோடு சேர்ந்து பின்னால் நடந்தாள். அப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து வந்த கடைசியில் ஒரு பெரிய அலை வந்தது. அவள் முழு பலத்தோடு பின்வாங்க, நரம்பு பட்டென்று அறுந்து, மல்லாக்க விழுந்தாள். எழுந்து பார்த்தபோது வயிரவன் இடுப்புயரப் பாரை மீனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மேட்டில் நின்றார். கரையின் மறுகோடியில் நின்ற ரெஜினாவும் ஜெபசிங்கும் அதன் பிறகுதான் வந்து சேர்ந்தார்கள்.

பாரையின் வாயைத் திறந்தால் உள்ளே இரண்டு தூண்டில் முள். ஒன்று உமையாளுடையது. மற்றதில் வெள்ளித் தகடு தொங்கியது.

"காலையில என் நரம்பை அறுத்துட்டுப் போனது இதாக்கும். முதல்ல மாட்டினது என் முள்ளுலதான்," என்றார் ஜெபசிங்.

வயிரவன் நெஞ்சை நிமிர்த்தினார். "ரெண்டு பேரு நரம்பும் அத்துப்போச்சுல்ல? மீன் தண்ணிக்குள்ள போயிருச்சு. இடுப்பளவு தண்ணியில இறங்கி, முங்கிப் பிடிச்சது நானு."

ரெஜினா உமையாளைப் பார்த்தாள். உமையாள் உடையில் ஒட்டிய மணலைத் தட்டினாள். "விழுந்துட்டேன். மீன் தண்ணியில கெடந்துச்சா, மணல்ல கெடந்துச்சான்னு பாக்கல," என்றாள். ஒரு பொய் சொல்லியிருந்தால் படகு அவளுக்குத்தான். சொல்லவில்லை. அந்த ஒரு வார்த்தைக்காகவே அவளை எனக்குப் பிடித்துப்போயிற்று.

முதலில் சாப்பாடு, பிறகு பேசலாம் என்று ரெஜினா கடற்கரையிலேயே விறகை அடுக்கச் சொன்னாள். உடை மாற்ற யாரும் போகவில்லை. வெற்றிக் களிப்பில் இருந்த வயிரவன் நானே பற்றவைக்கிறேன் என்று குந்தினார். கால்சட்டைப் பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்து ஒரே உரசு. தீ குபுகுபுவென்று பிடித்தது. ரெஜினா அந்தத் தீயையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தீர்ப்பைச் சொன்னாள்.

முதலில் மாட்டியவர் ஒருவர், இழுத்து வந்தவள் ஒருத்தி, கையில் பிடித்தவர் ஒருவர். நீங்கள் ரெஜினாவாக இருந்தால் யாரைப் படகில் ஏற்றுவீர்கள்? ஏன்?

விடை: உமையாளைத்தான். ஜெபசிங்கின் நரம்பு கடலுக்குள் அறுந்தது, அப்போதே அவர் பாத்தியதை போயிற்று. வயிரவன் சொன்னபடி இடுப்பளவு தண்ணீரில் முங்கியிருந்தால் பையிலிருந்த தீப்பெட்டி கூழாகியிருக்கும், ஒரே உரசில் பற்றியிருக்காது. அவர் கடலில் இறங்கவே இல்லை. நரம்பு அறுந்தபோது மீன் மணலில் கிடந்தது, அவர் ஓடிப்போய்த் தூக்கியதோடு சரி. ரெஜினா தீப்பெட்டியைக் கேட்டு வாங்கியதுமே அவருக்குப் புரிந்துவிட்டது, அசடு வழியச் சிரித்து ஒப்புக்கொண்டார். மறுநாள் காலை படகின் முனையில் உமையாள் உட்கார்ந்திருந்தாள். இரைவாளியைத் தலைக்கு மேல் தூக்கி வந்து படகில் வைத்தவர் வயிரவன், இம்முறை நிஜமாகவே இடுப்பளவு தண்ணீரில். மதியம் திரும்பி வந்தவள் தோளில் ஒரு பாரை, வால் மணலில் இழுபட்டது. ஜெபசிங் முதல் வேலையாக அதன் வாயைத் திறந்து பார்த்தார். உள்ளே ஒரே ஒரு முள்தான் இருந்தது.