மலையணில் சேர்த்து வைத்த கருமருந்து

காட்டாற்றின் நடுவே இருந்த மொட்டைப் பாறையில் கரடியொன்று வாணம் விட்டது. பொன்னிறப் பூ ஒன்று வானத்தில் விரிந்து, மெல்ல மெல்ல உதிர்ந்தது. மான்கள் மேய மறந்து நின்றன. தவளைகள்கூட வாய் மூடின.

செம்பி என்ற மலையணிலுக்கு மூச்சே நின்றுவிட்டது. மறுநாள் விடியும்போதே பாறைக்கு ஓடியது.

"கரடியக்கா! நானும் வாணம் செய்யணும்!"

கரடி தன் மூக்கைச் சொறிந்தது. அதில் பாதி மயிர் கருகிப் போயிருந்தது.

"செய்யலாம். முதல்ல இந்தக் காட்டைக் காக்கிற யானைகள்கிட்ட அனுமதி வாங்கிட்டு வா. என் பக்கத்துல நின்னு கத்துக்கோ. வேலையெல்லாம் இந்தப் பாறையிலதான். அன்னைக்கு வேண்டிய கருமருந்தை அன்னைக்குச் செய். மிஞ்சினதை அந்தத் தண்ணிக் குழியில கொட்டிடு. ஒரு சிட்டிகைகூட வீட்டுக்குப் போகக் கூடாது!"

யானைகள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டன.

"உன் மரத்துல வேற யார் இருக்கா?"

"இருவாச்சிப் பறவைங்க. அந்த அக்கா முட்டையிட்டுட்டு, பொந்து வாயை மண்ணால அடைச்சு உள்ளேயே இருக்கா."

"ஆபத்துன்னா அவளால பறக்க முடியாது. அதை மறக்காதே!" என்று அனுமதி கொடுத்தன.

செம்பி கருத்தாக வேலை செய்தது. ஆனால் மிஞ்சியதைக் கொட்ட மட்டும் அதற்கு மனம் வரவில்லை. கிடைத்ததையெல்லாம் பதுக்கி வைக்கும் குலத்தில் பிறந்த உயிர் அல்லவா! கரடி திரும்பி நிற்கும்போது ஒரு சிட்டிகை, இரண்டு சிட்டிகை என்று இலையில் மடித்து எடுத்துப் போனது. இரண்டு மாதத்தில், கூட்டுக்குள் ஒரு பெரிய பொட்டலமே சேர்ந்துவிட்டது.

மனைவிக்குப் பழம் கொண்டுவந்த ஆண் இருவாச்சி மோந்து பார்த்தது.

"என்ன செம்பி, உன் கூட்டுல ஒரு நெடி?"

"அத்திப்பழம் புளிச்சிருக்கும் அண்ணே!"

"நாள் முழுக்க அத்திப்பழம் சுமக்கிறவன்கிட்டயே சொல்றியா!" என்று சிரித்துவிட்டுப் பறந்தது.

கோடையில் ஒரு மாலை, மழையில்லாமல் இடி இடித்தது. மின்னல் தாக்கி, அக்கரை மூங்கில் புதர் தீப்பிடித்தது. காற்றில் தீப்பொறிகள் ஆற்றைத் தாண்டி வந்தன.

"செம்பி, வெளியில என்ன சத்தம்?" பொந்தின் இடுக்கிலிருந்து தாய்ப் பறவை கேட்டது. உள்ளே குஞ்சு சிணுங்கியது.

செம்பிக்குக் கூட்டிலிருந்த பொட்டலம் நினைவுக்கு வந்தது. அது தாவினால் தப்பிவிடும். அந்தத் தாய்?

பொட்டலத்தை வாயில் கவ்வியது. கிளைக்குக் கிளை தாவி, பாறைக்கு ஓடி, தண்ணீர்க் குழியில் மூழ்கடித்தது. திரும்பிப் பார்த்தால், பாறையில் வந்த வழியில் ஒரு சிட்டிகை சிந்தியிருந்தது. அதன்மேல் ஒரு தீப்பொறி இறங்கியது.

புஸ்ஸ்!

வெள்ளை நெருப்பு கரடியின் உயரத்துக்கு எழுந்தது. பாறை, ஆறு, காடு எல்லாம் ஒரு கணம் நிழலே இல்லாமல் தெரிந்தன. பிறகு ஒன்றுமில்லை, ஒரு கறுப்புத் தழும்பு மட்டும். செம்பி அசையாமல் நின்றது. ஒரு சிட்டிகைக்குள் இவ்வளவா! இவ்வளவையா தலைமாட்டில் வைத்துத் தூங்கினோம்?

மற்றப் பொறிகள் தாமாக அணைந்தன; தீ ஆற்றைக் கடக்கவில்லை. செம்பி கரடியிடம் எல்லாவற்றையும் சொன்னது. கரடி அந்தக் கறுப்புத் தழும்பைக் காலால் தேய்த்துப் பார்த்தது.

"அனுமதியை யானைகள்கிட்டயே திருப்பிக் கொடுத்துடு. திரும்பத் தந்தாங்கன்னா வா. முதல் நாள் பாடத்துலேருந்து ஆரம்பிப்போம்."

பிறகு செம்பி இருவாச்சியின் பொந்துக்குப் போய், அழுதுகொண்டே நடந்ததைச் சொன்னது.

"குஞ்சு இப்பத்தான் தூங்குது," என்றது தாய். "மெதுவாப் பேசு."

நெருப்போடு பழக ஆசைப்படுகிறவர் அதன் விதிகளில் ஒன்றைக்கூட மீறக் கூடாது; மீறினால், தப்பி ஓட முடியாத அண்டை வீட்டார்தான் முதலில் எரிவார்கள்.